ஒரே மேசையில் ஏழு நாக்கு

"எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே, தம்பி."

வீட்டுக்கு வந்து சேலை மாற்றுவதற்கு முன்பே அம்மா இதைச் சொன்னார். சொல்லிவிட்டு நேரே குசினிக்குப் போய், காலையில் மிஞ்சியிருந்த புட்டில் ஒரு கதலிப்பழத்தைப் பிசைந்து, மேலே கொஞ்சம் சீனி தூவி, நின்றபடியே சாப்பிட்டார். அவருடைய எழுபதாவது பிறந்தநாள் விருந்து முடிந்து முக்கால் மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. விருந்துக்கான பில் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பில்லும் அந்தப் புட்டும் சேர்ந்து என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இல்லை. பிறந்த நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை, மத்தியானம் பாயாசம், அவ்வளவுதான். இந்த முறை பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார். 25 நாளும் வீட்டில் மரக்கறி. கொடியிறங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை "சின்னம்மாவை ஒருக்கா நல்ல இடமாக் கூட்டிக்கொண்டு போவம்" என்று அண்ணைதான் தொடங்கினார். இடத்தைத் தெரிவு செய்தது என் தங்கச்சி. கொழும்பில் பேர் எடுத்து, பிறகு ஊர் ஊராகக் கிளை விட்டு, கடைசியாக எங்கள் யாழ்ப்பாணப் பக்கமும் வந்து சேர்ந்த கடை. பெயர் இங்கே தேவையில்லை. நட்சத்திர ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் நிற்கிற வகை. சாரத்தோடு போக முடியாது, ஆனால் சப்பாத்துப் போடவும் தேவையில்லை. ஏசி, மங்கலான விளக்கு, சுவரில் கறுப்பு வெள்ளையில் ஒரு பனைமரப் படம், கல் மாதிரிக் கனக்கிற மெனு.

ஏழு பேர் போனோம். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, ஆனால் வீடு வந்து சேருவதற்குள் வானுக்குள்ளேயே ஏழு விதமாகக் கதை போயிற்று. அண்ணைக்கு நல்ல திருப்தி. அங்கே இதற்கு இரண்டு மடங்கு போயிருக்கும் என்றார், கழிப்பறை சுத்தம் என்பதை மூன்று தரம் சொன்னார். அண்ணிக்கு முகம் விழுந்திருந்தது. அவர் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு ஆறு வருடம் காத்திருந்து வந்தவர், "இதை ஸ்காபரோவிலையே சாப்பிடலாமே" என்றார். பிள்ளைகள் இரண்டும் உறைப்பு என்று அழுது, பிறகு ஐஸ்கிறீமோடு சமாதானமாகிவிட்டார்கள். அம்மாவிடம் கேட்டதற்கு "அந்தப் பொடியன் நல்ல பொடியன்" என்று பரிமாறியவனைப் பற்றித்தான் சொன்னார், சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. தங்கச்சி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள், வேறு விளக்கம் இல்லை. நான் கோபத்தில் இருந்தேன். கோபம் நண்டைப் பற்றியது.

நண்டுக் கறி

மெனுவில் "யாழ்ப்பாண நண்டுக் கறி" என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் போட்டிருந்தார்கள். நண்டைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் அலட்டிக்கொள்வோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கடலில் பிடிபடுகிற நீலக்கால் நண்டில் பெரும்பகுதி, வடக்கிலேயே அவித்துச் சதை எடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. சேற்று நண்டு சிங்கப்பூருக்குப் போகிறது, அங்கே உணவகங்களில் இலங்கை நண்டு என்று எங்கள் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். மிச்சம் கிடைப்பதைத்தான் நாங்கள் பாசையூர்ச் சந்தையில் காலை வேளை, இன்னும் கால் அசைகிற நேரத்தில், தூக்கிப் பார்த்துக் கனம் பார்த்து வாங்குகிறோம். கனமில்லாத நண்டை அம்மா தொடவே மாட்டார். "நிலவு நண்டு, உள்ளுக்கு ஒண்டுமில்லை" என்று திருப்பி வைத்துவிடுவார்.

அம்மா வைக்கிற கறியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூள் வீட்டில் வறுத்தது. செத்தல் மிளகாயும் மல்லியும் தனித்தனியாக வறுபட்டு, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை சேர்ந்து அரைபட்டு வரும். அந்த வெந்தயம் ஒரு நிமிடம் கூடுதலாக வறுபட்டால் முழுத் தூளும் கைத்துப்போகும் என்பதால் வறுக்கும்போது அம்மாவோடு யாரும் கதைக்கக் கூடாது. நண்டு தேங்காயின் இரண்டாம் பாலில் வேகும், பிறகு புளி, பிறகு முதற்பால். கடைசியாக, சட்டியை இறக்குவதற்குச் சற்று முன்பு, ஒரு பிடி முருங்கையிலை. அந்த இலை கறியின் சூட்டிலேயே வாடி, நண்டின் கடல் மணத்தோடு கலந்து வருகிற வாசனைதான் எங்களுக்கு நண்டுக் கறி. முருங்கையிலை இல்லாமல் வைத்தால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் இரண்டாம் தரம் சோறு கேட்க மாட்டார்.

மேசைக்கு வந்தது கறுப்புக் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு கறி. நண்டு நல்ல நண்டு, பொய் சொல்லக் கூடாது. ஓட்டை உடைக்க ஒரு கருவி தந்தார்கள், கை துடைக்கச் சூடான துண்டும் தந்தார்கள். ஆனால் கறி உறைத்தது மட்டும்தான். வறுத்த தூளின் அந்தக் கறுத்த வாசனை இல்லை, முருங்கையிலை இல்லை, பாலும் தனியாக நின்றது. பக்கத்தில் புட்டு, மூங்கில் குழலில் அவித்தது போல உருளையாக, மேலே ஒரு கறிவேப்பிலை குத்தி. எங்கள் புட்டு ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிந்து உதிரியாகக் கொட்டுகிற புட்டு. கறி உள்ளே இறங்குவதற்கு அந்த உதிரிதான் வேண்டும். உருளைப் புட்டின் மேல் குழம்பு ஊற்றினால் அது வழிந்து ஓடிப்போகிறது, நான் மூன்று தரம் ஊற்றிப் பார்த்தேன்.

பரிமாறிய பொடியனைக் கூப்பிட்டு, "கறிக்கு முருங்கையிலை போடுறேல்லையோ?" என்று கேட்டேன். வந்ததிலிருந்து "குட் ஈவினிங் சேர்", "யெஸ் சேர்" என்றுதான் அவன் கதைத்தான், கடை விதி அப்படியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில் சொன்னான். "அண்ணை, உள்ளுக்குத் தந்திருக்கிற ரெசிப்பியிலை அது இல்லையாம். குழம்பும் கொழும்பிலை இருந்துதான் பைக்கெற்றிலை வருது." பிறகு ஒரு கணம் நின்று, "எங்கடை அம்மாவும் போடுறவ" என்றான். அம்மா உடனே அவனைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார், பரந்தன் என்றான். அம்மாவுக்கு அங்கே ஒரு சினேகிதி இருந்தவர், அந்தக் கதை போனது. எனக்குத்தான் அந்தப் பைக்கெற் தொண்டையில் நின்றது. யாழ்ப்பாண நண்டுக் கறி என்று பெயர் போட்டு, 400 கிலோமீற்றருக்கு அந்தப் பக்கம் காய்ச்சி, உறையவைத்து, ஏ9 வீதியால் ஏற்றி வந்து, எங்களுக்கே தருகிறார்கள். எல்லாக் கிளையிலும் ஒரே ருசி இருக்க வேண்டுமென்றால் குழம்பை ஓரிடத்தில்தான் காய்ச்ச வேண்டும், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் உள்ளே நிற்கிற சமையற்காரரும் ஊர்க்காரர்தானாம். வளவுக்கு வளவு முருங்கை நிற்கிற ஊரில், தெரிந்த கையைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பில் வந்தது. மெனுவில் போட்ட விலைக்கு மேல் 10 சதவீதம் சேர்விஸ் சார்ஜ், அதற்குப் பிறகு 18 சதவீதம் வற் வரி. எல்லாம் சேர்த்து இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். அண்ணையும் நானும் பில்லுக்கு இழுபறிப்பட்டு, கடைசியில் பாதிப் பாதி. தனியார் துறையில் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாய் ஆனது. ஒருவர் ஒரு மாதம் உழைக்கிற காசில் பெரும்பகுதியை ஏழு பேர் ஒன்றரை மணித்தியாலத்தில் சாப்பிட்டுவிட்டு எழும்பினோம், அதிலும் ஒருவர் வீட்டுக்கு வந்து புட்டுச் சாப்பிட்டார்.

அன்று இரவே கூகுளில் இரண்டு நட்சத்திரம் போட்டு நீளமாக எழுதினேன். நண்டு, முருங்கையிலை, உருளைப் புட்டு, விலை எல்லாம் எழுதி, கடைசி வரியாக, "யாழ்ப்பாணத்துக்கு இப்படி ஒரு கடை தேவையே இல்லை" என்று முடித்தேன். எழுதி முடித்ததும் நல்ல தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் அடுத்த நாள் இதைச் சொன்னபோது அவர் என்னைவிட ஒரு படி மேலே போனார். அவர் அந்தக் கடைக்குப் போனதே இல்லை. "உந்தக் காசு எல்லாம் இரவைக்கு இரவே கொழும்புக்குப் போகுதடா தம்பி. எங்கடை ஒழுங்கையிலை புட்டு இடியப்பம் அவிச்சு விக்கிற பிள்ளை என்ன செய்யும்?" என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்து, அதற்குள் கே.எஃப்.சி. வந்தபோதும் மாஸ்ரர் இதையேதான் கேட்டார். அன்று பின்னேரம் இடியப்பம் வாங்கப் போனபோது ஒழுங்கை அக்காவிடம் நானே கேட்டேன். அவருக்கு அந்தப் புதுக்கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அங்கே போகிறவர்கள் அன்றைக்கு அவரிடம் வராவிட்டாலும் மற்ற ஆறு நாளும் வருகிறார்கள். அவருடைய கவலை எல்லாம் தேங்காய். 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, சம்பலைக் குறைப்பதா சொதியைத் தண்ணியாக்குவதா என்று தெரியாமல் இரண்டு நாள் கடையைப் பூட்டி வைத்திருந்தாராம். மாஸ்ரரின் பயத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோயிற்று. ஆனாலும் காசு எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஐஸ்கிறீம் உருகிற வரைக்கும்

மூன்றாம் நாள் இரவு விறாந்தையில் இருந்தபோது தங்கச்சி கையில் போனோடு வந்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, ஒரு பாங்கில் வேலை. நான் எழுதியதை வாசித்திருக்கிறாள்.

"நண்டைப் பற்றி எழுதினது முழுக்கச் சரி அண்ணா. புட்டும் சரி, விலையும் சரி. இந்தக் கடைசி வரி மட்டும் என்ன?"

"ஏன், அதிலை என்ன பிழை?"

"யாழ்ப்பாணத்துக்குத் தேவையில்லை எண்டு எழுதியிருக்கிறியள். யாழ்ப்பாணம் எண்டால் ஆர்? நீங்களோ?"

நான் கோபப்பட வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை, ஆனால் குரலும் உயரவில்லை. நாளைய கணக்கை விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள். "நீங்கள் எந்தத் தேத்தண்ணிக் கடையிலையும் ஏறி இருந்து ஒரு பிளேன்ரீயோடை அரைமணித்தியாலம் பேப்பர் வாசிப்பியள். நான் ஏறினால் கடைக்காரரே வந்து, தங்கச்சி பார்சலோ எண்டுதான் கேப்பார். இருக்கச் சொல்ல மாட்டார். கெட்ட மனுசன் எண்டில்லை, எனக்கு உதவி எண்டு நினைச்சுத்தான் கேக்கிறார். சைவக்கடையிலை மத்தியானம் இருக்கலாம், ஆனால் கடைசி வாய் வைக்க முதல் அடுத்த ஆள் கதிரைக்குப் பின்னாலை நிப்பார். திரை போட்ட மேசை இருக்கிற கடையளிலை போய் இருந்தால் வேறை கதை கட்டுவினம். நானும் என்ரை சினேகிதியளும் சம்பளம் எடுத்த நாளிலை எங்கை போய்க் கதைக்கிறது? கூல்பாருக்குத்தான் போறனாங்கள். அங்கை எவ்வளவு நேரம் இருக்கலாம்? ஐஸ்கிறீம் உருகிற வரைக்கும். அதுக்குப் பிறகு எழும்ப வேணும்."

"இஞ்சை?"

"இஞ்சை போன மாசம் நாங்கள் ஐஞ்சு பேர் இரண்டேகால் மணித்தியாலம் இருந்தனாங்கள். ஒரு சூப், இரண்டு தட்டு நூடில்ஸ், ஒரு கேக்கை ஐஞ்சாப் பிரிச்சது. ஒருத்தர் திரும்பிப் பாக்கேல்லை. சாப்பாடு நல்லாயில்லைத்தான் அண்ணா. நாங்கள் சாப்பாட்டுக்குப் போகேல்லை."

அவள் போய்விட்டாள். நான் விறாந்தையில் அப்படியே இருந்தேன். எனக்கு இந்த ஊரில் இருக்க இடமில்லாமல் போனதே இல்லை. கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், வேலை முடிந்தால் கடை, கடை இல்லாவிட்டால் சந்தி, சந்தி இல்லாவிட்டால் வாசிகசாலை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு மதகு. மதகில் இருப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தங்கச்சி மதகில் இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அதை ஒரு நாளும் யோசித்ததும் இல்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து வழக்கமான தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். இரண்டு உளுந்து வடை, ஒரு ரீ. அன்றைக்குப் பேப்பரைத் திறக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து இருந்த ஆண்கள் பத்தொன்பது பேர். பெண்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் படிக்குக் கீழே நின்று, பேப்பரில் சுற்றித் தந்த வடையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் பள்ளிக்கூட ரீச்சர் போல, கையில் அப்பியாசக் கொப்பிக் கட்டு. பார்சல் வரும்வரை வெயிலில் நின்றார். உள்ளே என் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. இருபது வருடமாக நான் போகிற கடை அது. பார்சலோ என்ற அந்தக் கேள்வி அன்றைக்கு மூன்று தரம் என் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு தரமும் கேட்கப்படவில்லை.

இரவு அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், இந்த எழுபது வருடத்தில் எத்தனை தரம் கடையில் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று. அம்மா இதை ஒரு விசித்திரமான கேள்வியாக எடுக்கவில்லை, விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். கலியாணம் முடிந்த புதிதில் அப்பாவோடு நகருக்குப் படம் பார்க்க வந்து ஒரு தரம். சித்தியின் மகளுக்குச் சேலை எடுக்க வந்த அன்றைக்கு மலாயன் கபேயில், வாழையிலையில் மத்தியானச் சாப்பாடு, அது ஒன்று. நல்லூருக்குப் பக்கத்தில் ரியோவில் எங்களோடு ஐஸ்கிறீம், அது சாப்பாட்டில் சேருமா என்று கேட்டார், சேர்த்துக்கொண்டோம். பிறகு 96இல் பெரியண்ணாவின் பயணத்துக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜில் மூன்று மாதம் இருந்தது. அந்த விரலை மடிக்கப்போய், "அதை விடு, அது பசி" என்று திரும்ப நிமிர்த்திவிட்டார். அப்பா அடிக்கடி கொத்துரொட்டி கொண்டு வருவாரே என்றேன். "அது பார்சல் தானே" என்றார்.

கடைசியில் ஒரு கை விரல்களே மிஞ்சின. இந்தப் பிறந்தநாளை நான்காவதாக எண்ணி மடித்தார். அந்த விரலை மடிக்கும்போது, "கதிரை நல்ல மெத்தையா இருந்தது, என்ன?" என்றார். அதோடு அவருக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. அன்றைக்கு அவர் பரிமாறவில்லை. எழுபது வருடத்தில் வீட்டில் யாருக்காவது சோறு போடாமல், நடுவில் எழும்பாமல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை இருந்து சாப்பிட்ட நாள் அது என்றார். "அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. ஆரும் போட்டுத் தருவினமாக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்." இன்னும் போடட்டோ என்று ஒருவரும் கேட்கவில்லை என்று அவர் சொன்னதைக் கடையின் மீதான குறையாகத்தான் நான் எடுத்திருந்தேன். கடையைத்தானா சொன்னார், மேசையில் பக்கத்தில் இருந்த எங்களைத்தானா சொன்னார் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. நான் அன்று முழுக்க நண்டோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தட்டை ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூகுளில் எழுதியதைத் திறந்தேன். நண்டைப் பற்றிய ஒரு சொல்லையும் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். முருங்கையிலை போடாத கறிக்கு யாழ்ப்பாணத்தின் பெயரை வைக்கக் கூடாது. உள்ளே நிற்கிற சமையற்காரருக்குத் தூள் வறுக்க விட்டால் அந்தக் கடை எங்கேயோ போய்விடும் என்பதையும் கூடுதலாகச் சேர்த்தேன். இரண்டு நட்சத்திரமும் இரண்டாகவே இருக்கிறது. கடைசி வரியை மட்டும் அழித்தேன்.

போன சனிக்கிழமை தங்கச்சிக்குச் சம்பளம் எடுத்த கிழமை. அவளுடைய ஸ்கூட்டி பழுது என்பதால் இரவு எட்டரைக்கு வந்து ஏற்றச் சொன்னாள். எட்டேகாலுக்கே போய்விட்டேன். கண்ணாடிக்குள்ளால் மேசை தெரிந்தது. ஐந்து பேர். தங்கச்சி கையை ஆட்டி ஏதோ சொல்ல, எதிரில் இருந்த பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும், மற்றவள் அவளுடைய தோளில் அடித்தாள். தட்டுகள் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டன, மேசையில் தண்ணீர்க் கிளாஸ்கள் மட்டும். பரந்தன் பொடியன் வந்து ஐந்து கிளாசையும் ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டுப் போனான். எட்டரை தாண்டியது. நான் போனை எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மதகில் இருந்துகொண்டேன்.